நழுவிய கியர்

பழுது நீக்கித் திரும்பிய பங்கின் ஜீப்பில் நோயுற்ற மூதாட்டியொருவரை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கினோம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மூன்றாம் கியர் நழுவி நியூட்ரலாயிற்று. வண்டி தன்போக்கில் விரைந்தது. பிரேக்கே எம்மைக் காத்தது.

கியர் பெட்டியை மீண்டும் பிரிக்கச் சொன்னோம். முதிய மெக்கானிக்கோ, "ஒரு கியர் மட்டுமா, எல்லாமா சாமி?" என வினவினார். ஒன்று மட்டுமெனில், அதன் பற்களோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கக்கூடுமாம். அன்று காலையே இரண்டாம் கியரும் நழுவியதையும், நாம் அதனைப் பொருட்படுத்தாததையும் ஒப்புக்கொண்டோம். அவர் வண்டிக்கடியில் புகுந்தார். பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டின் போல்ட்டுகள் முறுக்கப்படாதிருந்தன! பெட்டி அசைய, கியர் கம்பி தரைத்தகட்டில் இடிக்க, கியர் முழுதாய் விழவில்லை.

பெட்டியைப் பழித்த நாம் வெட்கினோம். பழுது நீக்கிய வண்டியை, பிறரை ஏற்றுமுன் தனியே ஓட்டிப் பார்ப்போமாக.