பிள்ளையின் கிரியேட்டினின் ‘நோமல்’ என்றால் போதுமா?



இணுவில் உறவுகளுக்கு, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. தரம் 1 படிப்பிக்கிற ரீச்சர்.

2014, 2015 இல் சுன்னாகம் பக்கக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினை வந்ததில் இருந்து, தண்ணீர் என்றாலே எங்கள் சனத்துக்குச் சிறுநீரகப் பயமும் சேர்ந்து வருகிறது. அநுராதபுர மாவட்ட விவசாயிகளின் சிறுநீரக நோய்ச் செய்திகளும் அந்தப் பயத்தைக் கூட்டின. அதனால் சிலர் தாங்களாகவே பிள்ளைகளுக்கு இரத்தம் சோதிக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘கிரியேட்டினின்’ என்று ஓர் இலக்கம், பக்கத்தில் நோமல் 0.6 – 1.2 என்பது போல ஓர் அளவு. அதற்குள் நின்றால் எல்லாருக்கும் நிம்மதி.

அப்படி நிம்மதியாக இருந்த ஒரு தாய் என்னிடம் ரிப்போர்ட்டைக் காட்டினார். (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) “0.9 தான் ரீச்சர், நோமல்.” ஆனால் மகனுக்குக் காலையில் முகம் வீங்கும், வகுப்பில் சோர்ந்து கிடப்பான். “எதுக்கும் பிள்ளைகள் டொக்டரிட்ட ஒருக்கா காட்டுங்கோ அம்மா” என்றேன். அங்கே முதலில் அவன் உயரத்தை அளந்தார்களாம். 110 சென்ரிமீற்றர்.

ஏன் உயரம்? கிரியேட்டினின் தசையில் இருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றும். பிள்ளைக்குத் தசை குறைவு, ஆகவே கிரியேட்டினினும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். வளர்ந்தவருக்குச் சரியான 0.9, ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூட. இதற்காக 1976 இல் அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் உயரத்தை வைத்து ஒரு கணக்குத் தந்தார்கள். 2009 இல் அது திருத்தப்பட்டது:

உயரம் (செ.மீ.) × 0.413 ÷ கிரியேட்டினின் (மி.கி./டெ.லீ.)

110 × 0.413 ÷ 0.9 = ஏறத்தாழ 50. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு இது 90 க்கு மேல் இருக்க வேண்டும். அவனுக்குக் கிரியேட்டினின் 0.5 ஆக இருந்திருந்தால் விடை 91 வந்திருக்கும். ரிப்போர்ட் மைக்ரோமோலில் (80 போல) இருந்தால் 0.413 க்குப் பதிலாக 36.5 ஆல் பெருக்க வேண்டும்.

இது மதிப்பீடு மட்டும்தான். வயிற்றோட்டம், காய்ச்சல் நேரத்தில் கிரியேட்டினின் மாறிக்கொண்டிருக்கும், அப்போது இந்தக் கணக்கை நம்ப ஏலாது. நன்றாக மெலிந்த பிள்ளைக்கு உள்ளதைவிட நல்ல இலக்கம் காட்டும். இலக்கம் நன்றாக இருந்தும் சிறுநீரில் புரதம் போகலாம். அதனால்தான் டொக்டர்மார் சிறுநீரும் இரத்த அழுத்தமும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வீட்டில் கணக்குப் போட்டு நீங்களே முடிவு எடுக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை இப்போது கிளினிக் போகிறான், மருந்து எடுக்கிறான், வகுப்புக்கும் வருகிறான். துஆச் செய்யுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பிள்ளையின் ரிப்போர்ட்டை டொக்டரிடம் கொண்டு போகும்போது வயதையும் உயரத்தையும் சேர்த்து எழுதிக் கொண்டு போங்கோ. முகம், கால் வீக்கம், சிறுநீர் நுரைத்தல், நிறம் மாறுதல் இருந்தால், ரிப்போர்ட் நோமல் என்றாலும் காட்டுங்கோ. எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் உயரம் தெரியாத பெற்றோர் பாடசாலை விடுகிற நேரம் வாங்கோ, அளந்து எழுதித் தாறன்.