பழி யார் மேல்?

பள்ளி விடுமுறைக்கு வந்த பேரனின் பொம்மை இரயில், பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டில் மட்டும் தடம் புரண்டுகொண்டே இருந்தது. "வேகமாக ஓட்டாதேடா!" என்று ஏசினேன். "மெதுவாத்தான் ஓட்டுறேன் தாத்தா" என்று கண் கலங்கினான்.

மனம் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதை. பாயிண்டில் அசையும் கூரிய தண்டவாளம், பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவே ஒரு மணல்துகள்! அந்தச் சந்தில்தான் சக்கரத்தின் விளிம்பு நுழைந்து பெட்டியைக் கவிழ்த்தது. ஊசிமுனையால் மணலை எடுத்தேன்.

அப்புறமும் ஒரு பெட்டி மட்டும் விழுந்தது. திருப்பிப் பார்த்தால், ஒரு சக்கரம் அச்சில் உள்பக்கமாக நகர்ந்திருந்தது. நல்ல பெட்டியின் சக்கரங்களை அளவாக வைத்துக்கொண்டு, மெல்லத் திருகி வெளியே இழுத்தேன். இரயில் தங்குதடையின்றி ஓடியது.

நம் நாட்டு இரயில் பாதைக்கும் இதே நியாயம்தான். சின்ன இடைவெளி போதும், பெரிய வண்டியும் சாயும்.

குற்றம் மணலிலும் சக்கரத்திலும் இருக்க, பிள்ளையை ஏசிவிட்டேனே! "தாத்தாமேல்தான் தப்பு" என்றேன். சிரித்துவிட்டான்.

பிள்ளைகளை அதட்டுமுன், நாமும் கொஞ்சம் குனிந்து பார்ப்போமே!