ஸ்லைடில் எது மேலே இருக்கணும்?

1/ இன்னைக்கு மருந்து மாத்திரை இல்லை, ஸ்லைடு பத்தி ஒரு இழை. காலேஜ் செமினார், ஆபீஸ் மீட்டிங், விழிப்புணர்வு முகாம்னு எல்லாருமே ஸ்லைடு போடுற காலம் இது. "வடிவமைப்பு எல்லாம் சும்மா அலங்காரம் டாக்டர், விஷயம்தான் முக்கியம்" என்பார்கள். எதை எங்கே வைக்கிறோம் என்பதும் விஷயம்தான்.

2/ 2003 ஜனவரி 16. கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82-வது நொடியில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. உள்ளே 7 பேர். கல்பனா சாவ்லாவை நமக்கெல்லாம் தெரியும். கூட இருந்த டேவிட் பிரவுன், லாரல் கிளார்க் இருவரும் மருத்துவர்கள்.

3/ அவர்கள் விண்வெளியில் இருக்கும்போதே, போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். அதில் ஒன்றைப் பிற்பாடு எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார்.

தலைப்பைப் படித்தால் 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற தொனி. கீழே புள்ளி, புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி. எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: மோதியதாகக் கருதிய துண்டு 1,920 கன அங்குலம், சோதனையில் வைத்துப் பார்த்தது 3 கன அங்குலம்.

640 மடங்கு! அதாவது, அந்தச் சோதனையை நம்பி இங்கே எதுவும் சொல்ல முடியாது. தலைப்பா வந்திருக்க வேண்டிய சேதி அது.

4/ பிப்ரவரி 1. திரும்பி வரும் வழியில் கலம் சிதறியது. 7 பேரும் இல்லை.

ஸ்லைடுதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் பல. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துப் பேசியது. இது உயிருக்கே ஆபத்தான நிலைமை என்பது, படிக்கிற மேலதிகாரிக்குப் புரியாமல் போக இடமிருக்கிறது என்றது.

5/ எங்க தொழிலிலும் இதே கதைதான். எத்தனையோ கூட்டங்களில் பார்த்திருக்கேன். 30 வரி ரத்தப் பரிசோதனை அட்டவணை, எல்லாம் ஒரே அளவு எழுத்து. பொட்டாசியம் 7-னு ஒரு ஓரத்தில் கிடக்கும். இயல்பா 5-க்குள் இருக்கணும். 7 என்பது இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு. அந்த ஒரு எண்ணை மட்டும் பெருசா போட்டா போதும், மொத்த அறையும் நிமிர்ந்து உட்காரும்.

6/ சரி, என்ன செய்யலாம்?

தலைப்பை முழு வாக்கியமா எழுதுங்க. 'பாதப் பராமரிப்பு' வேண்டாம். 'சர்க்கரை இருந்தா தினமும் பாதத்தைப் பாருங்க'ன்னு போடுங்க. கீழே ஒரே ஒரு படம். ஒரு ஸ்லைடுக்கு ஒரு சேதிதான்.

7/ தமிழில் போடுறவங்களுக்கு: நம்ம சொற்கள் நீளம், ஆங்கில டெம்ப்ளேட்டில் இடிக்கும். எழுத்தைச் சுருக்காதீங்க, சொல்லைக் குறைங்க. வரிகளுக்கு நடுவே தாராளமா இடம் விடுங்க. இடப்பக்கம் மட்டும் ஒட்டி வைங்க. ரெண்டு ஓரமும் சமமா இழுத்தா நடுவில் ஓட்டை ஓட்டையா தெரியும்.

பாமினியில் அடிச்சா, அந்த எழுத்துரு இல்லாத மண்டபத்து லேப்டாப்பில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலா வந்து நிக்கும். யூனிகோடில் அடிங்க, பிடிஎஃப் ஒண்ணும் கையில வச்சுக்கோங்க.

8/ சிவப்பு ஆபத்து, பச்சை பத்திரம்னு நிறத்தை மட்டும் நம்பாதீங்க. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க கூட்டத்தில் இருக்கலாம். பக்கத்திலேயே வார்த்தையிலும் எழுதிடுங்க. கடைசி வரிசையில் கண்புரையோட உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் எழுத்து தெரியணும். முகாமுக்கு அவங்களுக்காகத்தானே போறோம்?

9/ கடைசியா ஒரு சோதனை. ஸ்லைடு முடிச்சதும் அதன் அடி வரியைப் படிங்க. 'அட, இதுதானே முக்கியம்'னு தோணுச்சுன்னா, அதைத் தூக்கித் தலைப்பில் வைங்க. மிச்சத்தில் பாதியை அழிச்சிடலாம்.