மஞ்சள் மரியோவும் ஆரஞ்சு ஆச்சாமோவும்: அசல் எது, நகல் எது?

கடைக்கே வராத ஒரு பொருள். விலைச்சீட்டே ஒட்டாத ஒரு பொருள். அதைத் தேடி இன்றைக்கும் உலகம் முழுக்க ஆட்கள் அலைகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

அது ஒரு விளையாட்டுச் சாதனம். உள்ளங்கையில் அடங்கிவிடும். மஞ்சள் நிறம். பெயர் சூப்பர் மரியோ பிரதர்ஸ், மாடல் எண் ஒய்எம்-901.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கினால்தான் புரியும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பே யோகோய் என்றொரு பொறியாளர் இருந்தார். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அங்கே பிறந்தது யோசனை. கால்குலேட்டருக்காகப் போட்டி போட்டுத் தயாரித்ததில் எல்சிடி திரை மலிந்து கிடந்த காலம் அது. அதை எடுத்து 1980-ல் 'பால்' என்ற முதல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. ஒரு கருவி, ஒரு விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம். அவ்வளவுதான். ஆனால் இந்த வரிசை உலகம் முழுக்கச் சுமார் 4.3 கோடி விற்றது. கடையில் விற்றவை மொத்தம் 59 வகை.

அறுபதாவதுதான் நம்ம மஞ்சள் மரியோ.

1987-ல் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு எஃப்-1 கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை வெளியிட்டு, நாடு தழுவிய போட்டியும் அறிவித்தார்கள். வீட்டில் விளையாடி எடுத்த நேரம் நீல நிற டிஸ்கில் பதிவாகும். அதைக் கடைக்கு எடுத்துப்போய் அங்கிருக்கும் டிஸ்க் ஃபேக்ஸ் இயந்திரத்தில் செருகினால் நின்டெண்டோவுக்குப் போய்ச் சேரும். (இன்டர்நெட் இல்லாத காலத்தில் ஆன்லைன் போட்டி!) பரிசு பெற்றவர்களுக்குப் போனது இந்த மஞ்சள் கருவி, அதுவும் டிஸ்க்-குன் என்ற கார்ட்டூன் பொம்மை வடிவப் பெட்டிக்குள் வைத்து. மொத்தம் 10,000 மட்டும். 4.3 கோடியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 4,300-க்கு ஒன்று. உள்ளே இருக்கும் விளையாட்டோ 1986-லும் 1988-லும் கடையில் விற்ற மரியோ மாடல்களில் இருக்கும் அதே விளையாட்டு. வித்தியாசம் உடையும் பெட்டியும்தான்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். லிமிடெட் எடிஷன் என்ற வியாபாரமே இங்கேதான் நிற்கிறது. உள்ளே இருப்பது ஒன்றுதான், மதிப்பு மேலே போர்த்திய பிளாஸ்டிக்கில் இருக்கிறது. அப்படியானால் ஏமாற்றுபவனும் உள்ளே கை வைக்க வேண்டியதில்லை, மேலே போர்த்தினால் போதும்!

மஞ்சள் மரியோ ஒரு ஆரம்பம்தான். 1998-ல் ஜப்பானில் மட்டும் விற்ற கேம் பாய் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் விளையாட, திரைக்குப் பின்னால் விளக்கு வைத்த ஒரே பழைய கேம் பாய் அதுதான். சாதாரணமாக வந்தவை தங்க நிறமும் வெள்ளி நிறமும். அதிலேயே டோக்கியோ போகிமொன் சென்டருக்கென்று ஒரு மஞ்சள் பதிப்பு, தெஸூகா ஒஸாமு வேர்ல்ட் கடைக்கென்று ஒன்று, ஃபாமிட்சு பத்திரிகைக்கென்று உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் கண்ணாடி உடம்போடு ஒன்று. 2006-ல் மதர் 3 விளையாட்டோடு பெட்டியாக வந்த சிவப்பு கேம் பாய் மைக்ரோ இன்னொன்று. மைக்ரோவின் முகப்புத் தகட்டை யார் வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம் என்பதுதான் அதில் பெரிய தலைவலி. 'அபூர்வ பதிப்பு' என்று விற்பது சாதாரண மைக்ரோவின் மேல் மாட்டிய வேறொரு தகடாக இருக்கலாம்.

சரி, இவற்றை எங்கே தேடுவது?

பெரும்பாலும் ஜப்பானில்தான். டோக்கியோ அகிஹபாராவின் சூப்பர் பொட்டேட்டோ, நகானோ பிராட்வேயின் மண்டராகே போன்ற கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். அங்கே விலையும் பூட்டியே இருக்கும், இறங்காது. வேட்டைக்காரர்களுக்குப் பிடித்த இடம் வேறு. ஹார்ட் ஆஃப் என்ற பழைய பொருள் கடைகளில் 'ஜங்க்' என்று ஒரு மூலை உண்டு. ஓடுமா ஓடாதா என்று கடைக்காரரே உத்தரவாதம் தராத சாமான்கள். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் கிளறியவர்களுக்கு இந்தச் சுகம் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு யாஹூ ஜப்பான் ஏலம் உண்டு. ஆனால் நிறைய பேர் ஜப்பானுக்குள் மட்டுமே அனுப்புவார்கள், அதனால் நடுவில் ஒரு முகவர் வேண்டும். அவருக்குக் கமிஷன், பிறகு கப்பல் கூலி, பிறகு சுங்கம். பொருள் கைக்கு வந்த பிறகு நகல் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பும் செலவை யோசித்தே பலர் வாயை மூடிக்கொள்வார்கள்.

இப்போது ஒரு இளைஞனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊர் ஒசாகா என்று வைத்துக்கொள்வோம். பகுதிநேர வேலை, மூன்று மாதச் சேமிப்பு. சின்ன வயதில் வகுப்புத் தோழன் கையில் பார்த்து ஏங்கிய ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி. 2003-ல் போகிமொன் சென்டரில் மட்டும் விற்ற, மூடியில் ஆச்சாமோ குஞ்சின் நிழலுருவம் போட்ட ஆரஞ்சு நிறப் பதிப்பு. ஏலத்தில் ஒன்று வந்திருக்கிறது. பளபளவென்று புதுசு மாதிரி. விலையும் கட்டுப்படியாகிறது. அவன் என்ன செய்ய வேண்டும்?

முதலில், பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் ஆன பொருள் கீறலே இல்லாமல் இருந்தால் இரண்டே காரணம். யாரும் தொடவில்லை, அல்லது உடம்பு புதுசு. எஸ்பிக்கும் கேம் பாய் கலருக்கும் டிஎஸ் லைட்டுக்கும் மாற்று உடம்புகள் குவியல் குவியலாக விற்கின்றன. அது குற்றம் இல்லை, உடைந்ததைச் சரிசெய்ய அவை வேண்டும். மாற்று உடம்பைப் போட்டுவிட்டு 'அசல்' என்று எழுதும்போதுதான் மோசடி ஆரம்பிக்கிறது.

அடுத்து முதுகைப் பார்க்க வேண்டும். லேபிளில் மாடல் எண், வரிசை எண் இருக்கும். வரிசை எண்ணின் முதல் எழுத்துகள் எந்தக் கருவி, எந்த நாட்டுச் சந்தை என்று சொல்லிவிடும். ஜப்பானில் மட்டும் விற்ற பதிப்பில் அமெரிக்க லேபிள் இருந்தால் கதை முடிந்தது. எழுத்து தடித்துக் கசிந்திருந்தாலும் உஷார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும், வீட்டுப் பிரிண்டரில் அடித்ததும் ஆலையில் அச்சானதும் வேறுவேறாகத் தெரியும்.

மூன்றாவது, திருகாணி. எஸ்பியின் உடம்பை மூட நின்டெண்டோ பயன்படுத்தியது மூன்று கால் வெட்டு உள்ள திருகாணி. அதன் இடத்தில் சாதாரண பிளஸ் திருகாணி இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திரையைச் சுற்றித் திருகாணிகளை மறைக்கும் சின்ன ரப்பர் மூடிகள் துருத்திக்கொண்டோ காணாமலோ இருந்தாலும் அப்படித்தான்.

நான்காவதுதான் அருமையான சோதனை. எஸ்பியில் விளக்குக்கென்று ஒரு பட்டன் உண்டு. முதலில் வந்த ஏஜிஎஸ்-001 மாடலில் அதை அழுத்தினால் விளக்கு அணையும், மறுபடி அழுத்தினால் எரியும். 2005-ல் வந்த ஏஜிஎஸ்-101 மாடலில் திரை பிரகாசமானது, ஆனால் விளக்கு அணையவே அணையாது. கூடும், குறையும், அவ்வளவுதான். ஆச்சாமோ பதிப்பு 2003-ஐச் சேர்ந்தது. 2003-ன் பொருளில் 2005-ன் திரை எப்படி வரும்? ஆகவே நம்ம இளைஞன் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு படம்: "கருவி ஓடும்போது விளக்கை அணைத்து ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?" அசல் வைத்திருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. பதில் வரவில்லை என்றால், அதுவும் பதில்தான்.

பி.காம் படிப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரைதான். விற்பவனுக்குப் பொருளின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்குபவன் விலையைக் குறைத்துக் கேட்பான். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவன் விற்க மாட்டான், விலகிவிடுவான். மிச்சம் இருப்பது சொத்தை. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு பங்கு கிடைத்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பாடம், ஆரஞ்சு நிறப் பொம்மை ஒன்றில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஒரு நகல் விற்கும்போது நஷ்டம் அதை வாங்கியவனுக்கு மட்டும் இல்லை. அடுத்து நேர்மையாக விற்க வருபவரையும் யாரும் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய எல்சிடியின் போலரைசர் படலம் வருடக்கணக்கில் கெட்டுப்போகும். கசிந்த பேட்டரி தகடுகளை அரிக்கும். சரிசெய்யாவிட்டால் கருவி பிணம். சரிசெய்தால் அது பழைய அசலா? தேருக்குச் சக்கரம் மாற்றினால் தேர் வேறாகிவிடாதுதான். ஆனால் சக்கரம் மாற்றியதைச் சொல்லிவிட வேண்டும். மாற்றியதைச் சொன்னால் பழுதுபார்ப்பு, மறைத்தால் மோசடி. கோடு அங்கேதான் இருக்கிறது. நின்டெண்டோவே 2010-ல் கிளப் நின்டெண்டோ உறுப்பினர்களுக்காகப் பழைய 'பால்' கருவியை மறுபடி தயாரித்தபோது, முதுகில் கிளப் நின்டெண்டோ முத்திரையைப் போட்டுத்தான் கொடுத்தது. தன் பொருளைத் தானே நகல் எடுத்தாலும் அடையாளம் வைத்தார்கள்.

சரி, அந்த ஒசாகா இளைஞன்? போட்டோ வரவில்லை, அவன் வாங்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு ஜங்க் பெட்டியில் அதே ஆரஞ்சு நிறம் தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையெல்லாம் தேய்ந்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் விளக்கு அணைகிறது. முதுகில் லேபிளுக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோணல்மாணலாக ஒரு குழந்தையின் பெயர்.

பெயர் எழுதியதற்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். குறைக்கட்டும். லேபிளை அச்சடிக்கிறவன் உண்டு, பெட்டியை அச்சடிக்கிறவன் உண்டு. விலை குறையும் என்று தெரிந்தே ஒரு பிள்ளையின் பெயரைக் கிறுக்கிவைக்கும் மோசடிக்காரன் உண்டா என்ன?

அடுத்த முறை பரணில் பழைய சாமான் எதையாவது பார்த்தால், துடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.