உப்புக் காற்றில் ஒரு துணைவன்

உப்புக்கும் இரும்புக்கும் பகை. மரக்காணத்தில் வாழ்வோர்க்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, கிணற்றுச் சகடை ஆகிய யாவும் உப்பளக் காற்றுப் பட்டு விரைவில் செந்நிறம் கொள்ளும். இவ்வூரில் இருந்துகொண்டு பழைய ஆங்கிலேயத் தட்டச்சுப் பொறிகளை நான் திரட்டி வருவது கண்டு நண்பர்கள் நகைப்பதில் வியப்பில்லை.

நான் விரும்புவன கையில் தூக்கிச் செல்லும் சிறு பொறிகள். அலுவலகங்களில் வீற்றிருந்த பெரும் பொறிகள் எனக்கு உவப்பல்ல. அவை மேலதிகாரிகளைப் போன்றவை! சிறு பொறியோ, பெட்டிக்குள் அடங்கி நம்முடன் வழிநடை வரும். இவற்றுள் என் உள்ளங் கவர்ந்தது, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்த இம்பீரியல் நிறுவனத்தார் 1932-இல் வெளியிட்ட 'குட் கம்பானியன்'. ஜே. பி. பிரீஸ்ட்லி 1929-இல் வெளியிட்ட புதினத்தின் பெயரைத் தழுவி, 'நல்ல துணைவன்' என்னும் பொருள்பட அதற்குப் பெயர் சூட்டினர்.

அவ்வாலையின் வரலாறு நமக்கு முற்றும் அயலானதன்று. இந்திய வழியினர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் பலர் பிற்காலத்தில் அங்கே உழைத்தனர். சம நடத்தை வேண்டி 1974-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1975-இல் ஆலை மூடப்பட்டது. என் பொறி அவர்கள் காலத்திற்கு முந்தியது. எனினும், அதன் நெற்றியில் உள்ள பெயரைக் காணும்போது அவர்களை நினையாதிருக்க இயலவில்லை.

இதனைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைக்குமாறு சிலர் கூறுவர். ஈரக்காற்று பேழைக்குள்ளும் புகும்; அசைவற்றுக் கிடக்கும் எழுத்துக் கம்பிகளைத் துரு எளிதில் பற்றும். அக்கம்பிகள் ஊன்றியுள்ள பிளவுகளில் எண்ணெய் இடலும் ஆகாது. எண்ணெய் தூசியை ஈர்த்துப் பிசினாகிவிடும். ஆதலின் அவ்விடத்தைப் பெட்ரோலில் தோய்த்த தூரிகையால் துலக்குகிறேன். வெளிப்புற இரும்பிற்கு மட்டும் தையற்பொறி எண்ணெயைத் துணியால் மெல்லெனப் பூசுகிறேன். பின்னர், நாள் தவறாமல் எல்லா விசைகளையும் தட்டுகிறேன். வெறுங்காகிதத்தில் தட்டுவானேன்? அயலார்க்கு வேண்டும் ஆங்கில விண்ணப்பங்களை அதிலேயே எழுதித் தருகிறேன்.

சென்ற வேனிலில் உப்பு வாரும் அம்மையார் ஒருவர், தம் மகனுடைய கல்லூரிக் கட்டணத்திற்குத் தவணை வேண்டி விண்ணப்பம் எழுத வந்தார். பாத்தியிலிருந்து நேரே வந்தவர். நான் தட்டுவதை நெடுநேரம் நோக்கியிருந்தார்.

"ஐயா, இது உப்புக் கை. தொடலாமா?" என்றார்.

"தொடுங்கள், அம்மா" என்றேன்.

மகன் பெயரின் முதலெழுத்து எங்குள்ளது எனக் கேட்டறிந்து, அதனைத் தாமே ஒரு விரலால் அழுத்தினார். எழுத்துச் சற்று மங்கலாகவே விழுந்தது. அதனை நான் திருத்தவில்லை. மறுநாட்காலை அவ்விசையை மட்டும் இருமுறை துடைத்தேன்.