பயனில சொல்லும் இடித்துரையும்

திருக்குறளின் 20ஆம் அதிகாரம் ‘பயனில சொல்லாமை’. 45ஆம் அதிகாரம் ‘பெரியாரைத் துணைக்கோடல்’. முன்னது வீண்சொல்லை விலக்கச் சொல்கிறது. பின்னது இடித்துரைப்பாரை இழக்க வேண்டா என்கிறது. இவ்விரண்டும் கணினிக்கும் பொருந்துமென்பதை அண்மையில் உணர்ந்தேன்.

எம் துறை மாணவர் ஒருவர் உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்குச் சொல்லடைவு தொகுக்கப் பைத்தான் மொழியில் நிரல் எழுதினார். 5027 பாடல்களின் சொற்களைக் கையால் தொகுப்பது எளிதன்று. ஆகவே, பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, கணினியார் ‘லைப்ரரி’ என்பவற்றை, துணைக்கொண்டார். அவையோ ஒவ்வொரு கோப்பிற்கும் “திறந்தேன்”, “படித்தேன்” எனத் தம் பணியைத் திரையில் பேசிக்கொண்டே இருந்தன. சலிப்புற்ற மாணவர், அடைவைத் தனிக் கோப்பில் எழுதச் செய்து, திரைக்கு வரும் அனைத்தையும் வெற்றிடத்திற்குத் திருப்பிவிட்டார். திரை அமைதியாயிற்று. ஆனால் ஒரு படலம் பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்தமையால் விடுபட்டது. அதை அறிவித்த எச்சரிக்கையும் உடன் மறைந்தது. நாங்கள் நன்கறிந்த ஒரு சொல் அடைவில் இல்லாமை கண்டே ஐயுற்றோம்.

இத்தொல்லை புதிதன்று. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், ஒளியச்சுக் கருவிக்குப் பக்கங்களை அனுப்பிக் காத்திருந்தோர்க்கு, கோப்பைத் திறக்க இயலவில்லை என்னும் ஒற்றை வரியே அழகுற அச்சாகி வந்ததாம். அதன்பின் யூனிக்ஸ் அமைப்பில் பிழைச்செய்திக்கெனத் தனி வாய்க்கால் வகுத்தனர் என, அங்குப் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் நினைவுகூர்ந்துள்ளார்.

பைத்தானின் ‘லாகிங்’ பகுதி செய்திகளை டீபக், இன்ஃபோ, வார்னிங், எர்ரர், கிரிட்டிகல் என ஐந்து படிகளாக்குகிறது. அதன்வழிப் பேசும் ஒரு தொகுப்பிற்கு மட்டும் ‘வார்னிங்’ என எல்லை வகுத்தால், கீழ்ப்படிச் செய்திகள் அடங்கும், எச்சரிக்கை எஞ்சும். நேரே திரைக்கு எழுதும் தொகுப்பெனின், அந்த ஓர் அழைப்பு முடியும்வரை மட்டும் அதன் பேச்சை ஒரு கோப்பிற்குத் திருப்பலாம். பின்னர்ப் படித்தும் பார்க்கலாம். மாணவர் அவ்வாறே செய்தார். மறைந்திருந்த எச்சரிக்கை வெளிப்பட்டது. விடுபட்ட படலமும் அடைவில் சேர்ந்தது.

எங்கள் பேரணாம்பட்டில் தோல் பதனிடுவோர் இந்நுட்பத்தை நன்கறிவர். சுண்ணாம்பில் ஊறிய தோலினின்று மயிரும் சதையும் நீங்கவேண்டும். கத்தி ஆழ்ந்தாலோ தோலே பாழாகும்.

மாணவச் செல்வங்களே, நிரலின் வாயை அடைக்குமுன், அது சொல்வதில் எது பயனில சொல், எது இடித்துரை எனப் பிரித்தறியுங்கள்.