ஹைலக்ஸ் நடத்திய பாடம்

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, இம்முறை இலக்கணமும் இல்லை, கட்டுரைப் பயிற்சியும் இல்லை. என் வாகனத்தைப் பற்றி எழுதப் போகிறேன். 'வாத்தியாருக்கு எதற்கு இந்தப் போர்மன் வேலை?' என்று சிலர் கேட்கக்கூடும். 2024ஆம் ஆண்டில் நான் செய்த ஒரு தவறு, மூன்று மாணவர்களை நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வைத்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளாமல் கடந்து போவது சரியன்று என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் வீடு ஈப்போவில். பள்ளியோ கோலகங்சார் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தினுள் இருக்கிறது. போக வர நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நடுவே மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் அந்த நீண்ட மேடு. கனரக லோரிகள் மூச்சிரைக்க ஊர்ந்து செல்லும் இடம் அது. தோட்டத்திற்குள் நுழைந்தால் செம்மண் பாதை. மழைக்காலத்தில் சாதாரண மகிழுந்து சேற்றில் சிக்கிக்கொள்ளும். ஆகவேதான் 2009ஆம் ஆண்டு ஹைலக்ஸ் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். 2,494 சிசி டீசல் இயந்திரம், 102 குதிரைத்திறன், கையால் கியர் மாற்றும் வகை. எளிய, முரட்டு வண்டி.

2024இன் தொடக்கத்தில், 280,000 கிலோமீட்டரைத் தாண்டிய நிலையில், அது சிணுங்கத் தொடங்கியது. காலையில் இயக்கினால் உடனே எழாது. எழுந்தாலும் நடுங்கும், வெண்புகை தள்ளும். நான் வழக்கமாகச் செல்லும் பட்டறையின் போர்மன் அண்ணன், நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு சிறு புட்டிகளில் தனித்தனியே பிடித்துக் காட்டினார். மூன்று புட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற, ஒன்று மட்டும் மளமளவென்று நிறைந்தது. உள்ளே தேய்ந்துவிட்ட இன்ஜெக்டர், தனக்கு வரும் டீசலை இயந்திரத்தினுள் தெளிக்காமல் திரும்பிப் போக விட்டுவிடுகிறதாம். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஏழில் ஒரு பங்கே அகலமுள்ள துளைகளின் வழியே டீசலைப் பனிபோலத் தெளிக்கும் பாகம் அது. சிறிது தேய்ந்தாலும் வேலை கெட்டுவிடும்.

இன்ஜெக்டர்களை மாற்றியாக வேண்டும். எதைப் போடுவது? இங்குதான் சபலம் நுழைந்தது.

என் அக்காள் மகனுக்கு வண்டிகள் என்றால் உயிர். "மாமா, எப்படியும் கழற்றப் போறீங்க. 30 விழுக்காடு பெரிய நாசில் போட்டுடுங்க. அப்புறம் பெரிய டர்போ, இன்டர்கூலர், கணினியில டியூனிங். மெனோரா மேட்டுல மூணாவது கியரே வேண்டாம்," என்றான். எல்லாம் சேர்த்து 9,000 ரிங்கிட்டுக்கு மேல் கணக்கு வந்தது. அவ்வளவு பணம் கையில் இல்லை. ஆனால் ஆசை மட்டும் போகவில்லை. மேட்டில் லோரியின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து சலித்திருந்தேன். 'இப்போது பெரிய நாசில் மட்டும் போட்டுக்கொள்வோம். டர்போவை ஆண்டு இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று முடிவெடுத்தேன். போர்மன் அண்ணன் தயங்கினார். நான் கேட்கவில்லை. வேறொரு கடையில் செய்துகொண்டேன்.

முதல் வாரம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மிதித்தவுடன் வண்டி பாய்ந்தது. அதன் பின்னர்க் கரும்புகை தெரிந்தது. பள்ளி வாயிலில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினர். காற்று மாசு பற்றி வகுப்பில் பேசுகிறவன் நான்! முன்பு லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 8.5க்கு இறங்கியது. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோதுதான் அதன் வலி சட்டைப்பையில் தெரிந்தது.

ஜூலையில் ஈப்போவில் ஒரு கதை கூறும் போட்டி. பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் மூன்று மாணவர்களை என் வண்டியில் அழைத்துச் சென்றேன். ஒரு மாணவி மூன்றாம் பரிசு பெற்றாள். மாலையில், பின்னால் பள்ளியின் ஒலிபெருக்கிப் பெட்டிகளுடன், தோட்டத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மெனோரா மேட்டில் ஒரு லோரியை முந்துவதற்காக நான்காவது கியரில் அழுத்தி மிதித்தேன். இயந்திரம் உறுமியது, வேகமோ கூடவில்லை. கருகிய வாடை வீசியது. கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருந்தது. பின்னால் லோரிகளின் விளக்குகள் நெருங்கின. எப்படியோ அவசரத் தடத்திற்கு ஒதுக்கினேன்.

பிள்ளைகளைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு, நெடுஞ்சாலை உதவிக் குழுவையும் பெற்றோர்களையும் அழைத்தேன். அந்த நாற்பது நிமிடங்களை நான் மறக்க மாட்டேன். பரிசுக் கோப்பையை மார்போடு அணைத்தபடி அந்த மாணவி வாய் திறவாமல் நின்றாள். லோரி ஓட்டுநர் ஒருவரின் மகனான ஆறாம் ஆண்டு மாணவன் மட்டும் மெல்லச் சொன்னான்: "சார், வண்டிக்கு மூச்சு வாங்குது சார்."

மறுநாள் தலைகுனிந்தபடி போர்மன் அண்ணனிடமே போனேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மாணவன் சொன்னதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பையன் சரியாத்தான் சொல்லியிருக்கான் சார்," என்று தொடங்கி அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன்.

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். புகையின்றி எரிய அதனினும் கூடுதலாகவே வேண்டும். நாசிலைப் பெரிதாக்கினால் டீசல் கூடும்; காற்று கூடாது. வண்டியின் கணினியும் பழைய நாசில் என்றே எண்ணிக்கொண்டு, அதே கால அளவுக்குத் திறந்துவிடும். எரியாத மிச்சமே கரும்புகை. வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறும். அது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால், அலுமினியக் கலவையாலான பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் கேடு. என் டர்போவின் தண்டு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. கூடுதல் இழுவிசையைத் தாங்க முடியாமல் பழைய கிளட்சும் கைவிட்டது.

"அப்படியென்றால் பெரிய டர்போ போட்டிருந்தால் சரியாகியிருக்குமா, அண்ணே?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு என்ன வேலைன்னு முதல்ல சொல்லுங்க சார்," என்றார்.

அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் வண்டியின் வேலை பந்தயம் அன்று. ஒவ்வொரு நாளும் மேடேறுவதும் சேற்றில் மெல்ல ஊர்வதும்தான். அதற்கு வேண்டிய இழுவிசை நிமிடத்திற்கு 1,600 முதல் 2,400 சுற்றுகளுக்குள் கிடைக்க வேண்டும். பெரிய டர்போவின் கனமான சக்கரம் சுழன்றெழ அதிகப் புகைவாயு தேவை. ஆகவே அது தாமதித்தே விழிக்கும். கையால் கியர் மாற்றும் வண்டியில், கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் புகைவாயு குறைந்து காற்றழுத்தம் விழுகிறது. சிறிய டர்போ சட்டென்று மீளும். பெரியது மீள்வதற்குள் மேட்டில் வேகம் போய்விடும். பிந்தைய 2.5 லிட்டர் வண்டிகளில் வந்த, உள்ளிதழ்கள் திரும்பிப் புகைவாயுவைச் சீராக்கும் வகை டர்போ மிக நல்லதுதான். ஆனால் அதை ஆட்டுவிக்கும் கட்டுப்பாடு என் வண்டியின் கணினியில் இல்லை. எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கினால் செலவு மீண்டும் பழைய கணக்கிற்கே போய் நிற்கும்.

ஆகவே இப்படி முடிவெடுத்தோம். சோதனை மேசையில் அளந்து பார்த்த, இயல்பான அளவு நாசில் கொண்ட நான்கு இன்ஜெக்டர்கள்; அவற்றின் கீழே புதிய செப்பு வளையங்கள்; அதே அளவில் புதிய டர்போ; புதிய கிளட்ச்; புதிய டீசல் வடிகட்டி. நம் நாட்டு டீசலில் கலக்கப்படும் செம்பனை பயோடீசல் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது என்பதால், வடிகட்டியில் சேரும் நீரை அவ்வப்போது வெளியேற்றும்படி அண்ணன் வலியுறுத்தினார். மொத்தம் 5,200 ரிங்கிட். முன்பு பெரிய நாசிலுக்குக் கொட்டிய பணம் வீண்.

இன்று வண்டி லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர் கொடுக்கிறது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் எனக்கு, 2024 ஜூனில் இருந்த 3.35 ரிங்கிட் விலையில் கணக்கிட்டால், பெரிய நாசில் இருந்த காலத்தைவிட ஏறக்குறைய 200 ரிங்கிட் மிச்சம். மெனோரா மேட்டில் மூன்றாவது கியருக்கு இறங்கி, புகையின்றி ஏறுகிறேன். லோரிகளின் பின்னால் பொறுமையாகச் செல்லவும் கற்றுக்கொண்டேன்.

இதே மாற்றத்தைச் செய்ய எண்ணும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டியின் அன்றாட வேலையை முதலில் எழுதி வையுங்கள். அதற்கேற்ற காற்றை, அதாவது டர்போவை, முடிவு செய்யுங்கள். அந்தக் காற்று எரிக்கக்கூடிய அளவுக்கே நாசில். கிளட்ச் தாங்குமா என்றும் கேளுங்கள். இவற்றில் பாதியை மட்டும் செய்யாதீர்கள்.

ஆசிரியன் அல்லவா, பாடம் எடுக்காமல் முடிக்க மனம் வரவில்லை. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் என் வகுப்பில் பயிற்சித் தாள்கள் குறையவே இல்லை. பின்தங்கிய மாணவர்களுக்கு இன்னும் இரண்டு தாள் கூடுதலாகக் கொடுப்பதே என் வழக்கம். அந்தச் சம்பவத்திற்குப் பிறகு, அவர்களுள் நால்வருக்குத் தாள்களைப் பாதியாகக் குறைத்தேன். அந்த நேரத்தில் பக்கத்தில் அமர்ந்து, அவர்களை உரக்க வாசிக்க வைத்துக் கேட்கிறேன். இருவர் தேறி வருகின்றனர். மற்ற இருவருக்கு இன்னும் காலம் வேண்டும்.

அந்த மூன்று பிள்ளைகளின் பெற்றோரிடமும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். லோரி ஓட்டுநரான தந்தை தேநீர் கொடுத்து, "வண்டின்னா அப்படித்தான் சார்," என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் பிழை வண்டியினுடையது அன்று.

மீண்டும் சந்திப்போம்.